அழைத்தால் வராத நாய்

சிப்பிப்பாறை நாய் கண்ணால் வேட்டையாடும் இனம். முயல் எழுந்த கணத்தில், எசமானின் ஏவலுக்குக் காத்திராமல் பாய்வதற்கென்றே கரிசல் காட்டு மக்கள் அதைத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்த்தனர். முயல் வேட்டை இன்று சட்டப்படி குற்றம். ஓட்டம் மட்டும் இரத்தத்தில் நிற்கிறது. எனவே, வேட்டைக்காரர் கைவிட்டு நம் பங்கு இல்லத்தில் அடைக்கலமான நாய், அழைத்தால் வராததைத் திமிர் என்பாரோடு நாம் உடன்படுவதில்லை. அதன் விலா எலும்புகள் தெரிவது இனத்தின் இயல்பு. கழுத்தைச் சுற்றிய கயிற்றுத் தழும்பு அப்படியன்று.

முப்பதடிக் கயிற்றோடு பயிற்சி தொடங்கிற்று. கயிற்றை மார்புப் பட்டையில்தான் இணைக்க வேண்டும். பாய்ந்தோடும் நாய், கயிறு முடியுமிடத்தில் சுண்டி நின்றால் கழுத்து தாங்காது. பெயரை ஒருமுறையே சொல்வோம். வந்தால் அவித்த ஈரல். உடனே மீண்டும் உலவ விடுவோம். அழைப்பதெல்லாம் கட்டிப்போடவே என்று கண்டுகொண்ட நாய் எங்ஙனம் வரும்? கால்மணி கழித்து வந்தாலும் அடிக்கலாகாது. தாமதத்திற்கு அடி என்பது அதற்கு விளங்காது. வந்தேன், அடித்தார்கள் என்பதே பதியும். "தாமதித்து வந்ததற்கும் ஈரலா சாமி?" என்றார் கோயில்பிள்ளை. ஊதாரி மைந்தனின் தமையன் கேட்டதும் ஏறக்குறைய இதுவே!

மறைக்கல்விச் சிறுவர்க்குச் சொன்னது இவ்வளவே: தலைமேல் கை நீட்டாதீர்கள், அதுவாக வந்து முகரட்டும். மூன்றாம் வாரம் முகர்ந்தது. ஆடுகளைத் தொலைவில் நின்று காட்டுகிறோம். அவற்றை விட்டு நம்மை நோக்கினால் ஈரல்.

சுற்றுச்சுவருக்குள் இப்போது அழைத்தால் வருகிறது. வெளியிலும் அவிழ்த்துவிடலாமே என்கின்றனர் சிலர். முயலைக் கண்டபின் அதன் செவியில் எக்குரலும் ஏறாது. கோயிலுக்கு எதிரே நெடுஞ்சாலை. கயிற்றை நாம் அவிழ்ப்பதாக இல்லை.