ஜெமினி சாண்ட்விச்சும் ராத்திரி பரோட்டாவும்

1965 மார்ச் 23. ஜெமினி 3 விண்கலத்துல கஸ் கிரிஸமும் ஜான் யங்கும் பூமியைச் சுத்திக்கிட்டிருக்காங்க. நாசா தயாரிச்ச விண்வெளிச் சாப்பாட்டைச் சாப்பிட்டுப் பார்க்கறதும் யங்கோட வேலைகள்ல ஒண்ணு. மனுஷன் என்ன பண்ணினார் தெரியுமா? பாக்கெட்டுல ஒளிச்சு எடுத்துட்டுப் போன மாட்டிறைச்சி சாண்ட்விச்சை எடுத்து கிரிஸம்கிட்ட நீட்டினார்! ஒரு கடி கடிச்சதும் ரொட்டித் துணுக்கு மிதக்க ஆரம்பிக்க, அப்படியே மூடி வச்சுட்டாங்க. அமெரிக்க நாடாளுமன்றம் வரைக்கும் பஞ்சாயத்து போச்சு.

மொத்தப் பயணமே அஞ்சு மணி நேரத்துக்கும் குறைவு. பசியா அது? இல்லவே இல்லை.

நம்ம ராகேஷ் சர்மா 1984 ஏப்ரல்ல சல்யூட் 7 போனப்போ, மைசூர் ராணுவ உணவு ஆராய்ச்சிக் கூடம் ரவை அல்வா, ஆலு சோலே, வெஜிடபிள் புலாவ் எல்லாம் செஞ்சு கொடுத்தாங்க. கலோரிதான் கணக்குன்னா ரஷ்யச் சாப்பாடே போதுமே? அவ்வளவு தூரத்துலயும் நாக்கு ஊரைத் தேடும்.

இதையெல்லாம் நான் படிக்க ஆரம்பிச்சதுக்குக் காரணம் என் ரூம்மேட். திருவெறும்பூர்ல ஒரே அறையில இருக்கோம். வீட்டுலேர்ந்து பணக் கஷ்டம்னு போன் வந்தா, ராத்திரி பதினோரு மணிக்குத் தஞ்சாவூர் ரோட்டுல ஆறு பரோட்டா. சாப்பிட்டு ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. பசங்க அவனுக்கு 'குண்டோதரன்'னு பேர் வச்சுட்டாங்க (எனக்குப் பிடிக்கலை). மன அழுத்தம் நீடிச்சா கார்டிசால் கூடும், இனிப்பும் எண்ணெயும் கேட்கும். தூக்கம் குறைஞ்சா பசியைத் தூண்டற கிரெலினும் ஏறும். பரீட்சை நேரத்துல அவனுக்கு ரெண்டும்தான்.

மறுநாள் தண்டனை மாதிரி காலை இட்லியை விட்டுடுவான். அதுதான் பெரிய வில்லன்னு நினைக்கிறேன். 1975-ல ஹெர்மன், மேக்னு ரெண்டு உளவியலாளர்கள் ஒரு சோதனை செஞ்சாங்க. முதல்ல மில்க்‌ஷேக், அப்புறம் ருசி பார்க்க ஐஸ்கிரீம். மத்தவங்க மில்க்‌ஷேக் குடிச்சதும் ஐஸ்கிரீமைக் குறைச்சுக்கிட்டாங்க. வாயைக் கட்டிக்கிட்டு இருந்தவங்கதான் இன்னும் அதிகமா சாப்பிட்டாங்க. 'விரதம்தான் போச்சே, இனிமே என்ன'ங்கற மனசு!

இப்போ அவன் போனை வச்சதும் நானும் செருப்பை மாட்டிக்கிறேன். எறும்பீஸ்வரர் மலையடிவாரம் வரைக்கும் நடந்துட்டு வர்றோம். அவன் வீட்டுக் கதை பாதி வழியிலேயே வந்துடும். சில நாள் பரோட்டாவும் உண்டு. போன வியாழக்கிழமை ரெண்டோட எழுந்துட்டான், நான்தான் மூணாவது சொல்லிட்டு உட்கார்ந்திருந்தேன் :-)