வெயில் ஏறட்டும்

கொடைக்கானலில் கார்த்திகை தீபம் முடிந்துவிட்டால் குளிர் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். தை பாதி வரைக்கும் ஏரிப் பக்கத்துப் புல்வெளியில் பல நாள் விடியற்காலையில் உறைபனி படர்ந்திருக்கும். மிதித்தால் நறநறவென்று நொறுங்கும். இந்த மாதங்களில் நடைப்பயிற்சி வேண்டுமா, நிறுத்திவிடலாமா என்று என் வயதுக்காரர்கள் கேட்பதுண்டு. நடக்கத்தான் வேண்டும் என்பேன். கேள்வியெல்லாம் எந்த நேரத்தில் என்பதுதான்.

சில வருஷங்களுக்கு முன்னால், ஓய்வு பெற்ற கையோடு ஒரு நண்பர் பெரியகுளத்திலிருந்து இங்கே குடிவந்தார். கீழே இருந்தவரை காலை ஐந்து மணிக்கு நடந்து பழகியவர். மார்கழியிலும் அதே ஐந்து மணிக்கு ஏரியைச் சுற்றக் கிளம்பிவிட்டார். 1863-ல் கலெக்டர் லெவிஞ்ச் வெட்டுவித்த ஏரி அது. சுற்றுப்பாதை ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர். கம்பளித் தொப்பி, மப்ளர், ஸ்வெட்டர் எல்லாம் கச்சிதமாகத்தான் போட்டிருந்தார். படகுத்துறை தாண்டியதும் நெஞ்சு இறுக, தடுப்புச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

குதிரைகளுக்குக் கொள்ளு வைக்க வந்த ஒருவர்தான் பார்த்திருக்கிறார். போர்த்தியிருந்த கம்பளியைக் கழற்றி அவர் மேல் போட்டு, உட்கார வைத்து, ஜீப் பிடித்து ஆஸ்பத்திரிக்கும் கூடவே போனார். நல்லவேளை, பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. மறுவாரம் நானும் நண்பரும் அவருக்கு நன்றி சொல்லப் போனோம். அவர் ஒரு குதிரையைக் கயிற்றில் பிடித்து மெல்ல நடத்திக்கொண்டிருந்தார். "வெயில் ஏறட்டும்னு நாங்க குதிரையவே நிறுத்தி வைப்போம் சார். அப்புறமும் கொஞ்ச நேரம் சும்மா நடத்திட்டுத்தான் ஆள் ஏத்துறது. நீங்க எந்திரிச்சதும் ஓடுறீங்களே!" என்றார். கம்பளியைத் துவைத்து மடித்துக் கொண்டுபோயிருந்தோம். அதை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, எங்களுக்கு டீ சொன்னார்.

அவர் சொன்னதன் காரணத்தை டாக்டர் பிறகு விளக்கினார். குளிர் பட்டால் உடம்பு தன் சூட்டைக் காப்பாற்றத் தோலுக்குப் போகும் ரத்தக் குழாய்களைச் சுருக்கிக்கொள்ளும். அதனால் ரத்த அழுத்தம் ஏறும், இதயத்துக்கு வேலை கூடும். இங்கேயோ ஏழாயிரம் அடி உயரம். காற்றில் கிடைக்கும் பிராணவாயுவும் சமவெளியைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. முதிய இதயத்துக்கு இதெல்லாம் சேர்ந்து பாரம்தான்.

நண்பர் நடையை விடவில்லை. டாக்டர் சரி என்ற பிறகு எட்டு மணிக்குக் கிளம்ப ஆரம்பித்தார். வீட்டுக்குள்ளேயே பத்து நிமிஷம் கைகால் வீசிவிட்டு, வெந்நீர் குடித்துவிட்டு வருவார். குளிரில் தாகம் தெரியாது என்பதால் பாட்டிலும் கையில் இருக்கும். உடம்பு சூடானதும் ஸ்வெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொள்வார். வியர்வையில் உள்பனியன் நனைந்தால் குளிர் இன்னும் பிடித்துக்கொள்ளும் அல்லவா? இன்னொரு லாபமும் உண்டு. இருட்டிலும் மூடுபனியிலும் காட்டெருமைகள் ஊருக்குள் சாலையோரம் நிற்கும் ஊர் இது. வெளிச்சத்தில் போனால் அவை எங்கே நிற்கின்றன என்றாவது தெரியும்.

பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 நிமிஷம் மிதமான வேக நடை என்கிறது உலக சுகாதார நிறுவனம். இருட்டிலேயே நடக்க வேண்டும் என்று அதில் எங்கும் இல்லை. விடியலுக்கு முன் எழுந்து நடப்பதுதான் ஒழுக்கம் என்று நம் தலைமுறை நம்பி வளர்ந்தது. இளவயதில் அது சரிதான். நாற்பது வருஷம் கழித்தும் அதே கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

உங்கள் வீட்டில் பெரியவர்கள் இருந்தால், இந்தப் பனிக்காலத்தில் அவர்களைத் தனியே அனுப்பாதீர்கள். ஒரு சுற்றாவது கூடப் போங்கள். நடக்கும்போது நெஞ்சு இறுகினாலோ, இடக்கை வலித்தாலோ, மூச்சு வாங்கித் தலை சுற்றினாலோ, வீடு வரை நடந்துவிடலாம் என்று பார்க்க வேண்டாம். அங்கேயே உட்கார வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள்.