கடைசி வாங்கிலிருந்து ஒரு கேள்வி

இருபது ஆண்டுகளாக ஆசிரியத் தொழிலில் இருக்கும் நமக்கு, பிழையாகக் கற்பித்தவை எத்தனை என்று எண்ணிப் பார்க்கும் துணிவு எளிதில் வருவதில்லை. அவற்றுள் ஒன்று மட்டும் நெஞ்சை விட்டகலாது கிடந்தது.

2008 ஆம் ஆண்டு. உயர்தர வகுப்பிற் பௌதிகவியற் பாடம் முடிந்து கால்மணி நேரம் எஞ்சியிருந்தது. பாடத்திட்டத்துக்குப் புறம்பாயினும் வானியல் சிறிது சொல்லலாமென்று, கரும்பலகையில் இரண்டு தட்டுகளை வரைந்தோம். கோடானுகோடி நட்சத்திரங்கள் ஒரே தளத்தில், ஒரே திசையிற் சுற்றிவரும் பெருமண்டலங்கள் அவை. நமது பால்வீதியும் அத்தகையதே. அவ்விரண்டும் மோதி ஒன்றாயின், தட்டுக் குலைந்து முட்டை வடிவான திரளொன்றே மிஞ்சும் என்றோம். கடைசி வாங்கிலிருந்த மாணவன் எழுந்தான்.

"அப்பிடியெண்டால், சேர், எங்கடை பால்வீதி ஒண்டோடையும் மோதேல்லையோ?"

"மோதியிருந்தால் தட்டு இராதே" என்று கூறி, மணியடிக்க முன்னரே புத்தகத்தை மூடிவிட்டோம்.

நாம் அவ்வாறு கூறியதற்கு ஆதாரம் இல்லாமலில்லை. சுவீடன் நாட்டு லுண்ட் நகரிலே எரிக் ஹோம்பேர்க் என்னும் வானியலார் 1941 இல் விந்தையான சோதனையொன்றைச் செய்தார். கணனி வாய்க்காத காலம். மண்டலம் ஒன்றுக்கு 37 ஆக, 74 மின்குமிழ்களைப் பரப்பினார். ஒளியும் ஈர்ப்பும் தூரத்தின் வர்க்கத்துக்கு நேர்மாறாகக் குறைவன அல்லவா? ஒவ்வொரு குமிழின் இடத்திலும் விழும் ஒளியை அளந்து, அதனையே ஈர்ப்பின் அளவாகக் கொண்டு, குமிழ்களைச் சிறிது சிறிதாக நகர்த்தினார். நெருங்கிவந்த மண்டலங்கள் ஒன்றையொன்று உருக்குலைத்தன. இச்சோதனையை எத்தனை முறை படித்தாலும் நமக்கு அலுப்பதில்லை; ஆய்வுகூடத்திற் பொருளில்லையே என்று முறையிடும்போதெல்லாம் அந்த மின்குமிழ்களே நினைவுக்கு வரும். பின்னர் 1972 இல் அலார், யூரி டூம்ரே என்னும் சகோதரர் கணனி கொண்டு, மோதும் மண்டலங்களிலிருந்து நீண்ட வால்கள் இழுபடுவதைக் காட்டினர். தட்டுகள் கலந்தே முட்டை வடிவ மண்டலங்கள் பல பிறந்திருக்கலாம் என்று 1977 இல் அலார் டூம்ரே கூறினார். வகுப்பில் நாம் ஒப்பித்தது இதனையே.

ஆனால் வாயுவை மறந்துவிட்டோம்.

மண்டலங்கள் மோதும்போது நட்சத்திரத்தோடு நட்சத்திரம் முட்டுவதில்லை என்றே சொல்லலாம். இடைவெளி அவ்வளவு பெரிது. அவை ஒன்றினூடு ஒன்று புகுந்து, பாதை திரிந்து, பல திசைகளிலும் அலையும். வாயுவின் இயல்பு வேறு. வாயு முகில்கள் உண்மையாகவே முட்டிச் சூடேறி, அச்சூட்டைக் கதிராக வெளியிட்டுக் குளிரும். ஒரு பகுதி நடுவே வீழ்ந்துவிட, எஞ்சியது தன் சுழற்சியை விடாது பற்றிக்கொள்ளும். கிடாரத்து நீரைப் பலர் பல பக்கமாகக் கலக்கினாலும், சற்றுப் பொறுத்துப் பார்த்தால் அது ஒரு பக்கமாகவே சுழலக் காண்கிறோம். அதுபோல வாயு ஒரு தளத்திற் படியும். அத்தளத்திலே புதிய நட்சத்திரங்கள் பிறக்கும். வாயு மிகுந்த மண்டலங்கள் கலந்தால் தட்டு மீண்டும் அமையலாமென்று வொல்கர் ஸ்பிரிங்கல், லார்ஸ் ஹேர்ண்குயிஸ்ட் ஆகிய இருவரும் 2005 இலேயே கணித்துக் காட்டியிருந்தனர். நமது வகுப்புக்கு மூன்றாண்டு முன்னர்! நாம் அதனைப் படித்திருக்கவில்லை.

ஐரோப்பிய விண்வெளி முகவரகம் 2013 இல் ஏவிய கையா செய்மதி, நூறு கோடிக்கு மேற்பட்ட நட்சத்திரங்களின் இடத்தையும் நகர்வையும் அளந்தது. அவ்வளவீடுகளை ஆராய்ந்தோர், மிக நீண்டொடுங்கிய பாதைகளிலே, சில எதிர்த்திசையிலுங்கூடச் செல்லும் நட்சத்திரக் கூட்டமொன்றைச் சூரியனுக்கு அயலிலேயே இனங்கண்டு, 2018 இல் வெளியிட்டனர். ஏறத்தாழ ஆயிரம் கோடி ஆண்டுகளுக்கு முன்னர் பால்வீதி விழுங்கிய சிறிய மண்டலமொன்றின் எச்சம் அது. கையா-என்செலடஸ் என்று அதற்குப் பெயரிட்டனர். அம்மோதலில் அன்றிருந்த தட்டுக் குலுங்கித் தடித்தது. பின்னர் வாயு படிந்து மெல்லிய தட்டு வளர்ந்தது. நமது சூரியன் பிறந்தது அதற்கும் நெடுங்காலத்தின் பின், 460 கோடி ஆண்டுகளுக்கு முன்னரே.

ஆக, பால்வீதி மோதித்தான் இருந்தது.

சென்ற நல்லூர்த் திருவிழாவின்போது, தண்ணீர்ப் பந்தலொன்றின் அருகே அம்மாணவனைக் கண்டோம். கனடாவிலிருந்து மனைவி மக்களோடு வந்திருந்தான். நாம் பாதிக் கதையைச் சொல்லுமுன்னரே, "நான் கேட்டனானோ, சேர்? எனக்கு ஞாபகமேயில்லை" என்று சிரித்தான். இருந்தும் விடவில்லை, மோர்க் குவளையைக் கையில் வைத்துக்கொண்டே முழுவதையும் சொல்லி முடித்தோம். அவன் பொறுமையாகக் கேட்டான். பக்கத்தில் நின்ற அவனுடைய மகளும் கேட்டாள்.

"இனியும் மோதுமோ?" என்று வினவினாள் சிறுமி.

அன்றொமீடா மண்டலம் நம்மோடு மோதுவது உறுதியென்று 2012 இற் சொன்னார்கள். அடுத்த ஆயிரம் கோடி ஆண்டுகளுள் அது நிகழும் வாய்ப்பு ஏறத்தாழப் பாதிக்குப் பாதியே என்று 2025 இல் வெளிவந்த ஆய்வு கூறுகிறது. இரண்டையுமே அவளுக்குச் சொன்னோம்.