0.6 எங்கிருந்து வருகிறது?



மிக்ஸி, டிவி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கும் என் பழைய மாணவர் ஒருவர் போன வாரம் போனில் கேட்டார்: "சார், டையோடு நல்லா இருந்தா மீட்டர்ல 0.6 காட்டும். இருபது வருஷமா அதைப் பார்த்துத்தான் வேலை செய்யறேன். பன்னிரண்டாவது படிக்கிற பையன், 'ஏன்ப்பா 0.6?'ன்னு கேட்டுட்டான். பதில் சொல்லத் தெரியலை. அவன் புத்தகத்தைப் பார்த்தேன், புரியலை சார்."

எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் அவர். வீட்டில் வசதி இல்லை, அதனால் நின்றார். அறிவில் குறை ஒன்றும் இல்லை. அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் எழுதுகிறேன்.

பழைய சைக்கிள் டியூபின் வால்வு ஞாபகம் இருக்கிறதா? சிறு துளையின் மேல் மெல்லிய ரப்பர் குழாய் மாட்டியிருக்கும். பம்பு அடித்தால் காற்று ரப்பரைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகும். திரும்பி வரப் பார்த்தால் ரப்பர் துளையை அடைத்துக்கொள்ளும். டையோடும் மின்சாரத்துக்கு இப்படித்தான்: ஒரு பக்கம் போகலாம், மறுபக்கம் வர முடியாது.

ஆனால் டையோடுக்குள் ரப்பர் இல்லை, அசையும் பொருளே இல்லை. இருப்பது சிலிக்கான். அதன் ஒரு பாதியில் மிகச் சிறிதளவு பாஸ்பரஸ் கலந்திருப்பார்கள். அங்கே எலக்ட்ரான்கள் உபரியாக இருக்கும். மறு பாதியில் போரான். அங்கே எலக்ட்ரான் பற்றாக்குறை. அந்தக் காலியிடத்தைத்தான் 'துளை' என்கிறோம். இரண்டு பாதியும் சேரும் எல்லையில், உபரி எலக்ட்ரான்கள் சில தாண்டிப் போய்த் துளைகளை நிரப்பும். அவை விட்டுவந்த இடத்தில் நேர்மின்சுமை, போய்ச் சேர்ந்த இடத்தில் எதிர்மின்சுமை. இதனால் எல்லையில் ஒரு தடுப்பு உண்டாகி, மேற்கொண்டு எலக்ட்ரான்கள் தாண்டாமல் நிறுத்திவிடும்.

அந்தத் தடுப்பைத் தணித்து மின்சாரம் ஓட, சிலிக்கானில் ஏறத்தாழ 0.6 முதல் 0.7 வோல்ட் வேண்டும். ரப்பரைத் தூக்கப் பம்பு கொடுக்கும் அழுத்தம் மாதிரி. மீட்டர் சிறிதளவு மின்னோட்டம் அனுப்பி, அப்போது டையோடின் இரு முனைகளுக்கிடையே உள்ள வோல்ட்டைக் காட்டுகிறது. அதுதான் 0.6. ஜெர்மானியம் டையோடில் இது 0.3-க்குப் பக்கம் இருக்கும். சிவப்பு எல்இடியில் 2 வோல்ட் அளவு. எல்இடியும் ஒரு டையோடுதான்!

மீட்டர் முனைகளை மாற்றி வைத்தால் தடுப்பு இன்னும் அகலமாகும், மின்சாரம் போகாது. இரண்டு பக்கமும் பீப் அடித்தால் டையோடு ஷார்ட். இரண்டு பக்கமும் ஒன்றும் காட்டாவிட்டால் உள்ளே அறுந்துவிட்டது. டையோடு மேலுள்ள வெள்ளிக் கோடு எதிர்முனை, அதாவது கேதோடு. கடைக்காரர்களுக்கு இதெல்லாம் பாடம் இல்லாமலே தெரியும். பிள்ளைகள் அவர்களிடம் போய்க் கற்றுக்கொள்ளலாம்.

இதனால் என்ன பயன்? நம் வீட்டுக்கு வரும் மின்சாரம் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னும் போய்வரும். செல்போனுக்கு வேண்டியது ஒரே திசையில் ஓடும் மின்சாரம். சார்ஜருக்குள் நான்கு டையோடுகள் இருக்கும். எந்தத் திசையில் வந்தாலும் அவற்றில் இரண்டு வழிவிட்டு, வெளியே ஒரே திசையில் அனுப்பிவிடும். மேடுபள்ளத்தைக் கெப்பாசிட்டர் சமப்படுத்தும்.

இங்கேதான் ஓர் எச்சரிக்கை. 230 வோல்ட் என்று சொல்கிறோமே, அதன் உச்சம் சுமார் 325 வோல்ட். டையோடு வழியாக அந்த உச்சம் வரைக்கும் கெப்பாசிட்டர் நிரம்பும். டையோடு திரும்பிப் போக விடாது அல்லவா? அதனால் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்சாரம் உள்ளே தங்கியிருக்கலாம். 'கரண்ட் இல்லையே' என்று தொட்டால் பலமாக அடிக்கும். சார்ஜர், டிவி, எல்இடி பல்பு டிரைவர் எதையும் பிள்ளைகள் பிரித்துப் பார்க்க விடாதீர்கள். ஆசைப்பட்டால் ஒரு பேட்டரி, ஒரு டையோடு, டார்ச் பல்பு வாங்கிக் கொடுங்கள். டையோடைத் திருப்பித் திருப்பி மாட்டிப் பார்க்கட்டும். பல்பு ஒரு பக்கம் எரியும், மறுபக்கம் எரியாது. ஏன் என்று அவர்களே கேட்பார்கள்.

சந்தேகம் இருந்தால் கமெண்டில் கேளுங்கள். பதில் சொல்ல எனக்கு நேரம் நிறைய இருக்கிறது.