பிரித்திகா வழக்கும் இடைக்கால உத்தரவும்

சர்வீஸ் வழக்குகளில் கட்சிக்காரர் பெரும்பாலும் தோற்பது காலண்டரிடம். விளம்பரம் வரும், தேர்வு முடியும், பட்டியலும் ஒட்டிவிடுவார்கள். அதற்குள் ரிட் மனு நம்பர் ஆகியிருந்தாலே பெரிய காரியம். அதனால் பிரித்திகா யாஷினி வழக்கைப் பற்றி ஜூனியர்கள் கேட்டால், இறுதித் தீர்ப்பை அப்புறம் படிக்கலாம், நடுவில் வந்த இடைக்கால உத்தரவுகளை முதலில் பாருங்கள் என்பேன்.

பிரித்திகா எங்கள் சேலத்துக்காரர். அப்பா டிரைவர், அம்மாவுக்குத் தையல் வேலை. கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ் பட்டம் முடித்தபின் வீட்டைவிட்டுச் சென்னைக்குப் போன திருநங்கை. அங்கே ஒரு விடுதியில் வார்டனாக இருந்தார். 2015-ல் சப்-இன்ஸ்பெக்டர் வேலைக்கு விண்ணப்பித்தார். சீருடைப் பணியாளர் தேர்வுக் குழுமம் ஏற்கவில்லை. பெயர் சான்றிதழோடு ஒத்துப்போகவில்லை, மூன்றாம் பாலினத்துக்கு இடஒதுக்கீடு கிடையாது, எழுத்துத் தேர்வுக்கும் உடல்திறன் தேர்வுக்கும் தனி அளவுகோல் கிடையாது என்று காரணங்கள்.

இத்தனைக்கும் நால்சா தீர்ப்பு 2014 ஏப்ரல் 15-லேயே வந்துவிட்டது. ஒருவர் தன்னை என்ன பாலினமாக உணர்கிறாரோ அதுவே அவர் பாலினம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியாயிற்று. இரண்டே நாளில், மருத்துவப் பரிசோதனையைக் காட்டி வேலையைவிட்டு எடுக்கப்பட்ட கரூர் மாவட்டப் பெண் காவலர் ஒருவரைத் திரும்பப் பணியில் சேர்க்கச் சொல்லி சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி நாகமுத்து தீர்ப்பெழுதினார். ஆனால் விண்ணப்பப் படிவம் அச்சடிக்கிறவர்கள் தீர்ப்பு படிப்பதில்லை.

வழக்கறிஞர் பவானி சுப்பராயன் சென்னை உயர் நீதிமன்றத்தில் பிரித்திகாவுக்காக வழக்கு நடத்தினார். முதலில் இடைக்கால உத்தரவாகத் தேர்வு எழுத அனுமதி வாங்கினார். கட்-ஆஃப் 28.5-ஆக இருந்தது, இவருக்கு 25 ஆகத் தளர்ந்தது. அடுத்து உடல்திறன் தேர்வு. மற்றதில் தேறியவர், 100 மீட்டர் ஓட்டத்தில் ஒரு வினாடியளவில் தவறவிட்டார். அரசுத் தரப்பு அந்த ஒரு வினாடியைப் பிடித்துக்கொண்டிருந்தால் சட்டப்படி குறை சொல்ல முடியாது. ஆனால் இவருக்கென்று அளவுகோலே வகுக்காதவர்கள் எந்த அளவுகோலை வைத்துத் தோல்வி என்பார்கள்? 2015 நவம்பரில் தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுலும் நீதிபதி புஷ்பா சத்தியநாராயணாவும், அவர் சப்-இன்ஸ்பெக்டராகத் தேர்வு பெறத் தகுதியுள்ளவர் என்றும், அடுத்த தேர்விலிருந்து திருநங்கைகளைத் தனிப் பிரிவாகச் சேர்க்க வேண்டும் என்றும் உத்தரவிட்டார்கள். 2017 ஏப்ரலில் தர்மபுரியில் பணியில் சேர்ந்தார்.

இந்தத் தீர்ப்பு நகல் என் மேஜையில் கிடக்கக் காரணம், ராசிபுரம் பக்கமிருந்து வந்த ஒரு திருநங்கை. பிளாஸ்டிக் கவரிலிருந்து டி.சி., மதிப்பெண் பட்டியல், அரசிதழ் நகல் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். டி.சி.யில் பழைய பெயர், அரசிதழில் புதுப் பெயர், ஆதாரில் புதுப் பெயரோடு இனிஷியல் வேறு. ஒரு அலுவலகத்தில் இதைக் காட்டியே திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

"அவங்களுக்கு ஓட்டத்துல ஒரு செகண்டு விட்டாங்களேங்க, எனக்கு மார்க்குல விடுவாங்களாங்க?" என்று கேட்டார்.

"அப்போ விதியே இல்லை, அதனால விட்டாங்க. இப்போ விதி இருக்கும்மா. அதே சலுகையைக் கேட்டா நிக்காது. பெயர் குழப்பத்தை மட்டும் கேட்போம், அது நிக்கும்" என்றேன். முகம் சுண்டிவிட்டது. பொய் நம்பிக்கை கொடுத்து வக்காலத்தில் கையெழுத்து வாங்குவது எனக்குப் பிடிக்காது.

மதிப்பெண் விஷயத்துக்கு உண்மையான வழி இடஒதுக்கீடு. 2015-ல் தமிழக அரசு திருநங்கைகளை மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைத்தது. பட்டியல் சாதியில் பிறந்த திருநங்கைக்கு இதில் என்ன லாபம்? சாதிக்கு ஒரு ஒதுக்கீடு, அதற்குள்ளேயே பாலினத்துக்கு ஒரு ஒதுக்கீடு என்று கிடைமட்டமாகக் கொடுங்கள் என்று திருநர் உரிமைச் செயற்பாட்டாளர் கிரேஸ் பானு போன்றவர்கள் கேட்டு வருகிறார்கள். கர்நாடகா 2021-ல் 1 சதவீதம் அப்படிக் கொடுத்தது.

ராசிபுரம் பக்கமிருந்து வந்தவரின் மனுவில் பெயர் விஷயத்தை மட்டும் எழுதினோம். விண்ணப்பிக்கக் கடைசித் தேதி நெருங்கியதால், மெயின் மனுவோடு இடைக்கால மனுவையும் சேர்த்தே தாக்கல் செய்தோம்.