பம்ப்பைக் கொன்னது யாரு?

மெக்கானிக்கல் மக்களே... 'காமன் ரயில் சிஸ்டத்தைப் படம் வரைந்து விளக்குக'ங்கிற கேள்விக்கு நீங்களும் பக்கம் பக்கமா எழுதியிருப்பீங்க. டேங்க், ஃபில்டர், பம்ப், ரயில், இன்ஜெக்டர்னு அஞ்சு பெட்டி. நடுநடுவுல அம்புக்குறி. மார்க் கையில! ஆனா, அந்த அஞ்சு பெட்டியில ஒண்ணு படுத்துட்டா ஒரு வீடே எப்படி ஆட்டம் காணும்னு எந்த சிலபஸ்லயும் கிடையாது. மத்த டிபார்ட்மென்ட் ஆளுங்களும் பக்கத்தைப் புரட்டிடாதீங்க. இது உங்களுக்கும்தான்.

எங்க அப்பா பிக்கப் வேன் ஓட்டினார். சுத்துப்பட்டு ஊர்கள்ல தக்காளி, முருங்கை ஏத்திக்கிட்டு ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் கொண்டு வர்றது தொழில். வண்டி செகண்ட் ஹேண்ட். மாசத் தவணை, என் காலேஜ் ஃபீஸ், தங்கச்சி ஹாஸ்டல்... எல்லாமே அந்த நாலு சக்கரத்து மேலதான் ஓடிச்சு. 2014-ல நான் மூணாவது வருஷம். செமஸ்டர் லீவுல ஒருநாள் விடியக்காலை, வண்டி ஸ்டார்ட் ஆகலை. செல்ஃப் நல்லா சுத்துது. இன்ஜின் மட்டும் பிடிக்கலை.

டீசல் இன்ஜின்ல ஸ்பார்க் பிளக் கிடையாது. காத்தை இறுக்கி அமுக்கினா 500 டிகிரிக்கு மேல சூடேறும். அதுல டீசலைப் பனி மாதிரி தூவினா, தானா பத்திக்கும். அந்தத் தூவுற வேலைதான் கஷ்டமே! ருடால்ஃப் டீசல் 1897-ல தன்னோட இன்ஜினை ஓட்டிக் காட்டினப்போ, எரிபொருளை உள்ளே தள்றதுக்குன்னே ஒரு காத்து கம்ப்ரஸர் தேவைப்பட்டுச்சு. அவ்வளவு சுமையைத் தூக்கிக்கிட்டு எந்த வண்டி ஓடும்? 1927-ல பாஷ் கம்பெனி கைக்கடக்கமா இன்ஜெக்‌ஷன் பம்ப் செஞ்சு விக்க ஆரம்பிச்ச பிறகுதான், டீசல் லாரிகள் பரவலா ரோட்டுக்கு வந்துச்சு. நம்ம ஊரு பழைய மெக்கானிக்குங்க 'மைகோ பம்ப்'னு சொல்றாங்களே... அது 1951-ல ஆரம்பிச்ச அதோட இந்தியக் கம்பெனியின் பழைய பேரு. ஆக, டீசல் வண்டிக்கு இதயம்னு ஒண்ணு உண்டுன்னா அது பம்ப்தான்.

வீட்டு வாசல்ல கூட்டம் கூடி, ஆளுக்கொரு தீர்ப்பு சொன்னாங்க. 'பேட்டரி வீக்', 'ஏர் லாக்', 'பம்ப் போச்சு, மாத்திடுங்க'. எங்க மெக்கானிக் அண்ணன் வந்தார். பத்தாவதோட படிப்பை நிறுத்தினவர். வந்ததும் ஸ்பேனரைத் தூக்கலை. ஃபில்டர் மேல இருக்கிற ஹேண்ட் பம்ப்பை அமுக்கிப் பார்த்தார். டீசல் வருது, குமிழ் இல்லை. அப்ப ஏர் லாக் கிடையாது. ஸ்கேனரை மாட்டி செல்ஃப் அடிக்கச் சொன்னார். இந்த மாதிரி வண்டிகள்ல பொதுவா ரயில் பிரஷர் 200 பார் பக்கம் ஏறினாத்தான் இன்ஜெக்டர் வேலையை ஆரம்பிக்கும். கார் டயர்ல இருக்கிறதைப் போல 100 மடங்கு! எங்க வண்டியில அது ஏறவே இல்லை.

"அப்ப பம்ப்தானேண்ணே?"

"இரு தம்பி. தொட்டியில தண்ணி நிக்கலைன்னா மோட்டார் போச்சுன்னும் சொல்லலாம், தொட்டி ஓட்டைன்னும் சொல்லலாம்ல?"

நாலு இன்ஜெக்டரோட ரிட்டர்ன் குழாயையும் கழட்டி, நாலு காலி வாட்டர் பாட்டில்ல விட்டார். எந்த இன்ஜெக்டர் தேய்ஞ்சு லீக் ஆகுதோ, அதோட பாட்டில் மட்டும் மளமளன்னு நிறையும். நாலுலயும் கொஞ்சம்தான் இருந்துச்சு, ஒரே அளவு. ரயில்ல இருக்கிற வால்வையும் பார்த்தார். அதுவும் சுத்தம். கடைசியாத்தான் பம்ப்ல கைவச்சு, அதோட மீட்டரிங் வால்வைக் கழட்டினார். உள்ளே இருந்த டீசலை ஒரு மூடியில பிடிச்சு வெயில்ல காட்டினார். ஜிகினாத் தூள் மாதிரி மின்னுச்சு. அத்தனையும் இரும்பு!

"பம்ப் செத்துடுச்சு தம்பி. ஆனா கொன்னது யாரு?"

இந்த பம்ப்புக்குத் தனியா ஆயில் கிடையாது. உள்ளே ஓடுற டீசலேதான் அதுக்கு எண்ணெய். பிளஞ்சருக்கும் அது ஓடுற துளைக்கும் இடைவெளி சில மைக்ரான்தான். நம்ம தலைமுடியே சுமார் 70 மைக்ரான் இருக்கும். அந்த இடுக்குல தண்ணி நுழைஞ்சா வழவழப்பு போய், இரும்பும் இரும்பும் உரசும். அண்ணன் ஃபில்டருக்கு அடியில திருகைத் திறந்தார். ஒரு டம்ளர் தண்ணி! தண்ணி சேர்ந்தா டேஷ்போர்டுல லைட் எரியணும். அந்த சென்சார் வயரைப் பழைய ஓனர் பிடுங்கி விட்டிருந்தது அப்பதான் தெரிஞ்சுது.

இப்ப ரெண்டு வழி. பம்ப்பை மட்டும் மாத்தினா ராத்திரியே லோடுக்குப் போகலாம். இல்லைன்னா டேங்க்கை இறக்கிக் கழுவி, பைப்பு, ரயில் எல்லாம் சுத்தம் பண்ணி, இன்ஜெக்டரை திண்டுக்கல்லுக்கு அனுப்பி டெஸ்ட் பண்ணணும். மூணு நாள். செலவும் ரெட்டிப்பு.

"ரெண்டு லோடுக்கு வாக்கு குடுத்திருக்கேன்"னு அப்பா இழுத்தார்.

"அண்ணே, இரும்புத் தூள் ரிட்டர்ன் வழியா டேங்க்குக்கே போயிருக்கும். புது பம்ப்பும் அதையேதான் குடிக்கும்."

அப்பா கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் என் பக்கம் திரும்பி, "நீ படிக்கிறதுல என்னப்பா போட்டிருக்கு?"ன்னார். என் படிப்பை நம்பி அவர் கேட்ட முதல் கேள்வி. மண்ணுல குச்சியால அந்த அஞ்சு பெட்டியை வரைஞ்சேன். பம்ப்புல இருந்து டேங்க்குக்குத் திரும்பிப் போற அம்புக்குறியையும் போட்டேன். "அண்ணன் சொல்றதுதான்பா சரி."

லோடு ரெண்டும் வேற வண்டிக்குப் போச்சு. அம்மாவோட வளையல் அடகுக் கடைக்குப் போச்சு.

மூணு நாளும் கூடவே இருந்தேன். கழட்டின ஒவ்வொரு குழாய் வாயையும் அண்ணன் உடனே மூடினார், தூசி போகக் கூடாதுன்னு. இன்னொரு விஷயம் சொன்னார். பழைய வண்டி மாதிரி, ஓடுற இன்ஜின்ல ஹை பிரஷர் பைப்பைத் தளர்த்தி ஏர் எடுக்குற வேலை இதுல கூடவே கூடாது. பீய்ச்சி அடிக்கிற டீசல் ஊசி மாதிரி தோலுக்குள்ளே புகுந்துடும். வெளியில சின்னப் புள்ளிதான் தெரியும். ஆனா உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடலைன்னா கையே போயிடலாம். ஹேண்ட் பம்ப்பை அது கல்லு மாதிரி இறுகுற வரைக்கும் அமுக்கினா போதும்னார். அமுக்கினேன். செல்ஃப் அடிச்சதும் வண்டி ரெண்டு தடவை இருமிட்டுப் பிடிச்சுக்கிச்சு!

2021-ல வண்டியை விக்கிற வரைக்கும் அதே பம்ப்தான். வளையலும் ஆறே மாசத்துல திரும்பிடுச்சு. நம்மகிட்டயும் சில பம்ப்புங்க படுக்கும் பாஸ். அரியர் விழுந்தா புது கைடு வாங்குவோம். ஃப்ரெண்ட் முறைச்சா வேற ஃப்ரெண்டைத் தேடுவோம். உள்ளே தங்கின தண்ணியை மட்டும் திறந்து விட மாட்டோம்.

அடுத்த தடவை எக்ஸாம்ல அந்தப் படத்தை வரையுறப்போ, டேங்க்குக்குத் திரும்பிப் போற அம்புக்குறியை மட்டும் கொஞ்சம் அழுத்தியே வரைங்க.