நிலாவுக்கு வாடகை இல்லை

கோடை விடுமுறை பிறந்தால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம், பெற்றோருக்குத் திண்டாட்டம் என்பார்கள். உபாத்தியாயர் வீட்டிலோ இரண்டும் ஒருங்கே குடிபுகும். பிள்ளைகளுக்கு விடுமுறை விடும் அன்றே நமக்கும் விடுமுறை அல்லவா? "வீட்டில் சும்மாதானே இருக்கிறார்!" என்ற உரிமையோடு உறவினர் வீட்டுக் குழந்தைகள் எல்லாரும் நம் வாசலில் வந்து இறங்கிவிடுவார்கள். வரட்டும், வீட்டுக்கு அதைவிட வேறு அலங்காரம் ஏது? ஆனால், வந்தவர்களோடு அண்டை அயலாரையும் பள்ளித் தோழர்களையும் கூட்டி ஒரு நாள் விருந்து செய்யவேண்டும் என்ற பேச்சு எழும்போதுதான், வரவு செலவுக் கணக்குப் புத்தகம் அலமாரிக்குள் இருந்தபடியே மெல்லக் கனைத்துக்கொள்கிறது.

இந்த வருஷமும் அப்படித்தான். ஏழாம் வகுப்பு முடித்திருந்த நம் புதல்வி, குளிர்சாதன வசதியுள்ள ஒரு விருந்துக் கூடத்தின் விளம்பரத் தாளைக் கொண்டுவந்து நம் முன் வைத்தாள். பலூன் தோரணம், கேக், ஐஸ்கிரீம், வந்தவர்களுக்குத் திருப்பிக் கொடுக்கும் பரிசுப் பை, எல்லாம் சேர்ந்து தலைக்கு 400 ரூபாய். அழைக்கவேண்டியவர்களோ 22 பேர். பெருக்கல் வாய்ப்பாடு தெரிந்திருப்பது சில சமயங்களில் மனிதனுக்குப் பெருந்துன்பம். 8,800 ரூபாய்!

"எல்லார் வீட்டிலும் இப்படித்தான் அப்பா செய்கிறார்கள்" என்றாள் குழந்தை.

"எல்லாரும் என்றால் யார் யார்?" என்று கேட்டாள் அவள் தாய். அந்தக் கேள்வியைக் கேட்டிராவிட்டால் இந்தக் கட்டுரைக்கே இடமிருந்திராது.

புதல்வி விரல்விட்டு எண்ணினாள். எண்ணிக்கொண்டே வந்தவள் ஒரு பெயரில் நின்றாள். நம் தெருக்கோடியில் தள்ளுவண்டி வைத்துத் துணி தேய்த்துக் கொடுப்பவரின் மகன் அவளுடைய வகுப்புத் தோழன். கணக்கில் கெட்டிக்காரன். முன்பெல்லாம் நாள் தவறாமல் நம் திண்ணைக்கு விளையாட வருவான். இரண்டு வருஷங்களாக எந்தப் பிள்ளையின் பிறந்தநாளுக்கும் அவன் போவதில்லை. நம் வீட்டுக்கும் வரவு குறைந்துவிட்டது. காரணத்தை ஒருநாள் அவனே அவளிடம் சொன்னானாம்: "கிஃப்ட் வாங்கிட்டுப் போகணும்ல. அப்புறம் நாங்களும் எல்லாரையும் கூப்பிடணும்ல."

பதின்மூன்று வயதுப் பிள்ளையின் அந்த வார்த்தையிலே ஒரு பொருளாதார சாஸ்திரமே அடங்கியிருக்கிறது. செலவு மிகுந்த விருந்து, செய்பவனுடைய பணப்பையை மட்டும் இளைக்கச் செய்வதில்லை. உண்பவன் தலையிலும் ஒரு கடனை ஏற்றுகிறது. திருப்பிச் செய்யக்கூடியவர்கள் ஒரு வட்டமாகச் சேர்ந்துகொள்கிறார்கள். செய்ய இயலாதவர்கள் ஒருவரும் போகச் சொல்லாமலே எழுந்து போய்விடுகிறார்கள். நாம் கதவைத் திறந்துதான் வைத்திருக்கிறோம். ஆனால் வாசற்படியை உயர்த்திக்கொண்டே போகிறோம்.

திருவள்ளுவர் விருந்தோம்பலை அறத்துப்பாலில் ஒன்பதாம் அதிகாரமாக வைத்தார். தன் வருவாயின் அளவறிந்து கொடுக்கவேண்டும் என்பதையோ பொருட்பாலில், வலியறிதல் என்னும் அதிகாரத்தில் சொன்னார். வகுப்பில் இரண்டையும் தனித்தனியே நடத்தி மதிப்பெண்ணும் போட்டுவிடுகிறோம். வீட்டிலோ இரண்டும் ஒரே அடுப்பில் ஏறவேண்டியிருக்கிறது. அளவறியாத விருந்து அறமாவதில்லை. விருந்தில்லாத அளவு வெறும் கருமித்தனமாகும்.

சிக்கனம் என்றாலே முகத்தைச் சுளிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1965-ஆம் ஆண்டில் நாட்டில் உணவுத் தட்டுப்பாடு நேர்ந்தபோது, வாரத்தில் ஒரு வேளை உணவைத் துறக்கும்படி பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி மக்களை வேண்டிக்கொண்டார். அதை ஏற்றவர்கள் இழிவாக நினைக்கவில்லை. தேசத்துக்குத் தம்மால் இயன்றது என்றே நினைத்தார்கள். பொதுநன்மையை எண்ணிச் செய்யும் சிக்கனத்துக்கு எப்போதும் ஒரு கம்பீரம் உண்டு.

ஆகவே, விருந்து உண்டு, ஆனால் யாராலும் திருப்பிச் செய்யக்கூடிய விருந்தாக இருக்கவேண்டும் என்று வீட்டில் தீர்மானம் நிறைவேறிற்று. நாள் சித்ரா பௌர்ணமி. இடம் நம் வீட்டு மொட்டைமாடி.

நமது ஊர் திருச்சிராப்பள்ளிச் சீமையில் காவிரிக் கரையில் உள்ளது. மேட்டூர் அணையைப் பாசனத்துக்குத் திறக்க ஜூன் 12 என்று வழக்கமாக நாள் குறித்திருப்பதால், சித்திரையில் ஆற்றில் நீரைவிட மணலே மிகுதி. அந்த மணலில் வட்டமாக அமர்ந்து சித்ரான்னம் உண்ட கதையை முதியவர்கள் இன்றும் சொல்லுவார்கள். இப்போது ஆற்றங்கரை அமர்ந்து உண்ணும் நிலையில் இல்லை. ஆனால் நிலா மாடிக்கும் வருகிறது; வாடகையும் கேட்பதில்லை. பௌர்ணமி நிலவு சூரியன் மறையும் நேரத்தை ஒட்டியே எழுவதால், விளக்குச் செலவும் தோரணச் செலவும் மிச்சம்.

மாலை ஐந்து மணிக்கு மாடித் தரையில் நான்கு குடம் நீர் தெளித்தோம். நீர் ஆவியாகும்போது தரையின் வெப்பத்தைக் கவர்ந்து செல்லும் என்று பள்ளியில் கற்பிப்பது பரீட்சைக்கு மட்டும் அன்று. மண்பானையில் நீர் குளிர்வதும் அதே தத்துவந்தான். நுண்துளைகளில் கசியும் நீர் ஆவியாகி உள்ளிருக்கும் நீரைக் குளிர்விக்கிறது. இரண்டு பானைகளில் வெட்டிவேர் போட்டு நீர் நிரப்பி வைத்தோம். அவைதாம் நமது குளிர்சாதனம்.

சமையலில் சித்ரான்னத்துக்கு நிகரான சிக்கனம் வேறில்லை. குழம்பு, ரசம், கூட்டு என்று தனித்தனியே வேண்டாம். மாலை வெயிலில் அடுப்பங்கரையில் வேகவும் வேண்டாம். புளிக்காய்ச்சலை நல்லெண்ணெயில் முதல் நாளே செய்து வைக்கலாம். எலுமிச்சைச் சாதம் அடுத்து. தேங்காய் சீக்கிரம் கெடுமாகையால் தேங்காய்ச் சாதத்தைக் கடைசியில் கலக்கவேண்டும். தயிர்ச் சாதத்துக்குப் பாலை மிகுதியாக விட்டுத் தயிரைக் குறைத்துப் பிசைந்தால் இரவு வரை புளிக்காது. 22 பேருக்கு 2½ கிலோ அரிசி தாராளமாகப் போதும். குடிப்பதற்கு 5 லிட்டர் தண்ணீரில் முக்கால் கிலோ வெல்லம் கரைத்து, சுக்கும் ஏலமும் தட்டிப் போட்ட பானகம்.

இல்லத்தரசியின் கணக்கை அப்படியே தருகிறோம். அரிசி 150 ரூபாய், நல்லெண்ணெய் 200, புளி, பருப்பு, வேர்க்கடலை, தாளிக்கும் சாமான்கள் 160, எலுமிச்சையும் தேங்காயும் 200, பாலும் தயிரும் 250, வெல்லம், சுக்கு, ஏலம் 80, தர்ப்பூசணியும் வெள்ளரிப் பிஞ்சும் 210, வாழையிலை 150. ஆக மொத்தம் 1,400 ரூபாய். தலைக்கு 64 ரூபாய்க்கும் குறைவு.

அழைப்பில் ஒரு நிபந்தனை வைத்தோம். எல்லாரும் வெறுங்கையோடுதான் வரவேண்டும். ஆனால் பாட்டி தாத்தாவிடம் கேட்ட ஒரு கதையோ விடுகதையோ ஒவ்வொருவரும் கொண்டுவரவேண்டும். இந்தச் சீர்வரிசையில் ஏழை பணக்காரர் வித்தியாசம் இல்லை. இருந்தால், ஏழை வீட்டுப் பாட்டிகளிடந்தான் சரக்கு அதிகம் இருக்கும்.

தெருக்கோடிப் பையன் வந்தான். எண்ணெய் தடவி வாரிய தலையும் மடிப்புக் கலையாத சட்டையுமாக, தன் தாயையும் தங்கையையும் அழைத்துக்கொண்டு வந்தான். நம் தாயார் நடுவில் பெரிய பாத்திரத்தோடு அமர்ந்து, சுற்றியிருந்த குழந்தைகளின் கைகளில் சாதத்தை உருட்டி உருட்டி வைத்தார். யார் கையில் எத்தனை உருண்டை என்று யாரும் எண்ணவில்லை. நிலாவுக்கு அருகில் வெண்மையாக ஒளிர்ந்ததே சித்திரை நட்சத்திரம், அதனால்தான் மாதத்துக்கு இந்தப் பெயர் என்று நாம் ஒரு சிறு பிரசங்கம் தொடங்கினோம். பிள்ளைகள் அதைப் பொறுத்துக்கொண்டார்கள். பிறகு அந்தப் பையன் போட்ட விடுகதைகளுக்கு விடை தெரியாமல் பட்டதாரியாகிய நாமும் விழித்தோம். அவன் சிரித்த சிரிப்பு பக்கத்துத் தெருவுக்குக் கேட்டிருக்கும். கேக்கைப் பற்றி நம் புதல்வி மறுநாள் காலையில்தான் நினைவுகூர்ந்தாள். அதுவும் நாம் கேட்ட பிறகு.

ஆனால் விருந்து ஈடேறியதாக நாம் எண்ணுவது இவை எதனாலும் அன்று. படியிறங்கும்போது அந்தப் பையனின் தாயார் நம்மிடம் நின்று சொன்னார்: "சார், வர்ற ஞாயித்துக்கெழம சாயங்காலம் புள்ளைங்கள எங்க வீட்டுக்கு அனுப்பி வையுங்க. நீங்களும் அக்காவும் அவசியம் வரணும். கேப்பைக் கூழும் மோர் மிளகாயுந்தான். வாசல்ல வேப்பமரத்துக் காத்து நல்லா வரும்."

போனோம். நம் புதல்வி மூன்று குவளை கூழ் குடித்தாள். பையனின் தாயார் முகத்தில் அன்று இருந்தது கடனைத் தீர்த்தவரின் நிம்மதி அன்று. விருந்து படைப்பவரின் பெருமிதம். பிறருக்கு உணவளிக்கும் பெருமிதம் ஒவ்வொரு வீட்டுக்கும் உரியது. நம் ஆடம்பரத்தால் அதை ஒரு வீட்டினிடமிருந்து பறிக்க நமக்கு என்ன அதிகாரம்?

நேயர்களே! வரும் விடுமுறையில் உங்கள் வீட்டிலும் குழந்தைகள் விருந்து கேட்பார்கள். தாராளமாகச் செய்யுங்கள். சாமான் பட்டியல் போடுமுன், அழைப்பவர்களின் பட்டியலை எழுதுங்கள். அதில் மிக எளியவர் யாரோ, அவர் அடுத்த வாரம் உங்களைத் தம் வீட்டுக்குக் கூசாமல் அழைக்க முடியுமா என்று எண்ணிப் பாருங்கள். முடியும் என்றால், உங்கள் செலவு சரியான அளவில் இருக்கிறது.